பி மதிப்பு 0.03 என்றால் தொடர்பு வலுவானதா? குறுக்கு அட்டவணையைப் படிக்கும் முறை

கேள்வி சுருக்கமாக இது: கடலூரில் முதுகலை படிக்கும் ஒருவர், தேவனாம்பட்டினம், தாழங்குடா, முதுநகர்ப் பக்கங்களில் படகு உரிமையாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார். படகு வகைக்கும், படகுக்குக் காப்பீடு எடுத்திருப்பதற்கும் தொடர்பு உண்டா என்பதுதான் ஆய்வு. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் கை-வர்க்கச் (chi-square) சோதனை போட்டதும் பி மதிப்பு 0.03 வந்தது. வழிகாட்டி "வலுவான தொடர்பு என்று எழுது" என்கிறார். ஆனால் அதே பக்கத்தில் ஃபை 0.15 என்றும் லாம்ப்டா 0 என்றும் இருக்கிறது. எதை நம்புவது, ஆய்வேட்டில் எதை எழுதுவது?

முதலில் நேரடியான பதில். "வலுவான தொடர்பு" என்று எழுதாதீர்கள். 0.03 அதைச் சொல்லவில்லை. லாம்ப்டா 0 என்பதால் "தொடர்பே இல்லை" என்றும் எழுதாதீர்கள், அதுவும் தவறு. மூன்று எண்களும் சரிதான். மூன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள், அவ்வளவுதான். எந்த எண் எந்தக் கேள்விக்கு என்று தெரிந்துவிட்டால் குழப்பம் போய்விடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் முழு அட்டவணை என்னிடம் இல்லை. கணக்குப் புரிவதற்காக நானே எண்களை வைத்துக்கொள்கிறேன். இவை கற்பனை எண்கள், கடலூர் மீனவர்களைப் பற்றிய தகவல் அல்ல. 200 உரிமையாளர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

விசைப்படகு: காப்பீடு உண்டு 36, இல்லை 44, மொத்தம் 80
ஃபைபர் படகு: காப்பீடு உண்டு 36, இல்லை 84, மொத்தம் 120
இரண்டும் சேர்த்து: உண்டு 72, இல்லை 128, மொத்தம் 200

இந்த அட்டவணையைப் பார்த்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை கை-வர்க்கம் அல்ல, சதவீதம். விசைப்படகுக்காரர்களில் 80க்கு 36, அதாவது 45 சதவீதம் காப்பீடு எடுத்திருக்கிறார்கள். ஃபைபர் படகுக்காரர்களில் 120க்கு 36, அதாவது 30 சதவீதம். வித்தியாசம் 15 புள்ளி. காப்பீடு எடுத்தவர்கள் இரண்டு பக்கமும் அதே 36 பேர்தான் என்பதைக் கவனியுங்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் சமம் என்று தோன்றும், சதவீதம் போட்டால்தான் வேறுபாடு தெரியும். எது காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறீர்களோ அதன் வழியாகச் சதவீதம் போடுங்கள். இங்கே படகு வகைதான் அது, ஆகவே ஒவ்வொரு படகு வகையும் 100 சதவீதம். பலர் இதைத் திருப்பிப் போட்டு, "காப்பீடு எடுத்தவர்களில் 50 சதவீதம் விசைப்படகுக்காரர்கள், ஆகவே வித்தியாசம் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். வேதனையான தவறு இது, ஏனென்றால் கணக்கு சரி, முடிவு மட்டும் தலைகீழ்.

இப்போது கை-வர்க்கத்துக்கு வருவோம். படகு வகைக்கும் காப்பீட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றால் என்ன எதிர்பார்ப்போம்? மொத்தத்தில் 36 சதவீதம் பேர் காப்பீடு எடுத்திருக்கிறார்கள். அதே 36 சதவீதம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். 80 பேரில் 28.8, 120 பேரில் 43.2. வரிசை மொத்தத்தை நிரல் மொத்தத்தால் பெருக்கி முழு மொத்தத்தால் வகுப்பது என்ற சூத்திரம் இதைத்தான் சொல்கிறது. கண்ட எண் 36, எதிர்பார்த்த எண் 28.8, விலகல் 7.2. இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் நான்கு கட்டத்திலும் விலகல் இதே 7.2 தான் வரும், குறி மட்டும் மாறும். விலகலை வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, நான்கையும் கூட்டினால் 4.69. பி மதிப்பு 0.03. உங்களுக்கு வந்த அதே எண் வரும்படிதான் அட்டவணையை அமைத்திருக்கிறேன்.

அந்த 0.03இன் பொருள் என்ன? படகு வகைக்கும் காப்பீட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லாத இடத்தில் 200 பேரைத் தேர்ந்தெடுத்திருந்தால், இந்த அளவோ இதைவிடப் பெரிதோ ஆன விலகல் தற்செயலாகவே வர 100க்கு சுமார் 3 வாய்ப்பு. இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. "தொடர்பு உண்டு என்று எண்ண இடமிருக்கிறதா" என்பதற்கான பதில் அது. "எவ்வளவு தொடர்பு" என்பது அதில் இல்லை.

சந்தேகம் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். அட்டவணையின் எல்லா எண்களையும் 10ஆல் பெருக்குங்கள். 2000 பேர், அதே 45 சதவீதம், அதே 30 சதவீதம். வித்தியாசம் மாறவில்லை, ஆனால் கை-வர்க்கம் 46.9 ஆகிவிடும், பி மதிப்பு கிட்டத்தட்ட 0. இப்போது முதல் அட்டவணையைப் பாதியாக்குங்கள், 100 பேர். கை-வர்க்கம் 2.34, பி மதிப்பு 0.13, "தொடர்பு நிரூபிக்கப்படவில்லை" என்று எழுத வேண்டியிருக்கும். மூன்று இடத்திலும் கடற்கரையின் நிலவரம் ஒன்றுதான். மாறியது நீங்கள் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினீர்கள் என்பது மட்டும். இதைக் கைப்பட ஒருமுறை போட்டுப் பார்த்தவர்கள் பி மதிப்பை வைத்து "வலுவான" என்ற சொல்லை எழுத மாட்டார்கள். என் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே இதைக் கொடுத்துவிடுவேன்.

ஆள் எண்ணிக்கையின் பாதிப்பை நீக்கத்தான் ஃபை. கை-வர்க்கத்தை மொத்த எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: 4.69ஐ 200ஆல் வகுத்து மூலம் எடுத்தால் 0.153. 2000 பேர் அட்டவணையிலும் அதே 0.153. மூன்று நான்கு வகைகள் உள்ள பெரிய அட்டவணைக்கு இதையே நீட்டித்தது கிரேமரின் வி. ஸ்வீடன் நாட்டுக் கணிதவியலர் ஹரால்ட் கிரேமர் 1946இல் வெளியிட்ட நூலில் வந்தது. வரிசை, நிரல் இரண்டில் எது குறைவோ அதிலிருந்து 1 கழித்து, மூலம் எடுக்கும் முன் அந்த எண்ணாலும் வகுத்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் ஃபையும் வியும் ஒன்றே, குறி மட்டும் வியில் இருக்காது. நீங்கள் கட்டுமரத்தையும் சேர்த்து மூன்று வகையாகப் பிரித்திருந்தால் வியை எழுதுங்கள்.

0.15 என்பது பெரிதா சிறிதா? 0.1 சிறிது, 0.3 நடுத்தரம், 0.5 பெரிது என்று அமெரிக்கப் புள்ளியியலர் ஜேக்கப் கோஹன் ஒரு வழக்கத்தைக் கொடுத்தார். அதை அவரே கட்டாய விதியாகச் சொல்லவில்லை, வேறு வழிகாட்டுதல் இல்லாதபோது பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு. என் கருத்தில், 45க்கும் 30க்கும் உள்ள 15 புள்ளி வித்தியாசம் மீன்வளத் துறைக்கோ காப்பீடு கொண்டுசேர்ப்பவர்களுக்கோ சின்ன விஷயமே அல்ல. ஃபை 0.15 "சிறிது" என்ற பெட்டியில் விழுகிறது என்பதற்காக அதை அலட்சியப்படுத்தக் கூடாது. அதனால்தான் சதவீதங்களை முதலில் எழுதச் சொன்னேன்.

ஃபைக்கு இன்னொரு வரம்பு உண்டு. ஓர மொத்தங்கள் (வரிசை, நிரல் மொத்தங்கள்) பொருந்தாவிட்டால் அது 1ஐத் தொடவே முடியாது. நம் அட்டவணையில் காப்பீடு எடுத்த 72 பேரும் விசைப்படகுக்காரர்களாகவே இருந்தாலும், அதாவது 72, 8, 0, 120 என்று இருந்தாலும், ஃபை 0.92 தான் வரும். 80 பேருக்கு 72 காப்பீட்டை எப்படிப் பங்கிட்டாலும் 8 பேர் மிச்சம் நிற்பார்கள் அல்லவா, அதுதான் காரணம்.

அதே 72, 8, 0, 120 அட்டவணைக்கு யூலின் கியூ 1 என்று சொல்லும். பிரிட்டிஷ் புள்ளியியலர் உட்னி யூல் 1900இல் கொடுத்த கெழு, அதாவது தொடர்பை அளக்கும் எண், இது. குறுக்கே உள்ள கட்டங்களைப் பெருக்கி, வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுப்பது. நம் அட்டவணையில் 36 பெருக்கல் 84 என்பது 3024, 44 பெருக்கல் 36 என்பது 1584. வித்தியாசம் 1440, கூட்டுத்தொகை 4608, கியூ 0.31. ஒரே அட்டவணைக்கு ஃபை 0.15, கியூ 0.31. ஒரு கட்டம் காலியானாலே கியூ முழுத் தொடர்பு என்று எடுத்துக்கொள்ளும், ஃபை இரண்டு எதிர்க் கட்டமும் காலியாக வேண்டும் என்று கேட்கும். பெரிய எண் வேண்டும் என்பதற்காகக் கியூவைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அது நேர்மையல்ல.

இதே 1900ஆம் ஆண்டில்தான் கார்ல் பியர்சன் கை-வர்க்கச் சோதனையை வெளியிட்டார். யூல் அவரிடம் பயின்றவர், பிறகு இருவருக்கும் இந்த விஷயத்தில் கடுமையான கருத்து வேறுபாடு. ஆம்-இல்லை என்ற வகைப்பாட்டுக்குப் பின்னால் தொடர்ச்சியான ஓர் அளவு ஒளிந்திருக்கிறது, அதன் ஒட்டுறவைத்தான் மதிப்பிட வேண்டும் என்பது பியர்சன் தரப்பு. உயிரோடு இருப்பதற்கும் இறந்துபோவதற்கும் நடுவே என்ன தொடர்ச்சி இருக்கிறது, வகையை வகையாகவே பார் என்பது யூல் தரப்பு. நூறாண்டுக்கு முந்தைய அந்தச் சண்டை உங்கள் ஆய்வுக்கும் பொருந்தும். "காப்பீடு உண்டா" என்பது உண்மையான ஆம்-இல்லை. "வருமானம் அதிகமா குறைவா" என்று நீங்களே வெட்டியிருந்தால் அது வெட்டப்பட்ட ஓர் அளவு. எங்கே வெட்டினீர்கள் என்பதைப் பொறுத்து தொடர்பின் அளவு மாறும். முடிந்தால் வெட்டாமல் வையுங்கள். பியர்சனே தம் சோதனையின் டிகிரி ஆஃப் ஃப்ரீடமை (நம் விருப்பப்படி நிரப்பக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கையை) தவறாக எடுத்திருந்தார் என்பதையும், இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு அது 3 அல்ல 1 என்பதையும் 1922இல் புள்ளியியலர் ஃபிஷர் காட்டினார். ஓர மொத்தங்கள் தெரிந்திருக்கும்போது ஒரே ஒரு கட்டத்தை நிரப்பினால் மற்ற மூன்றும் தானாக நிரம்பிவிடும், ஆகவே 1. காகிதத்தில் ஒருமுறை நிரப்பிப் பார்த்தால் மறக்காது.

இனி உங்களை அதிகம் குழப்பிய லாம்ப்டா. குட்மன், க்ரஸ்கல் என்ற புள்ளியியலர்கள் இருவரும் 1954இல் கொடுத்தது. இது கேட்கும் கேள்வியே வேறு: ஒருவரின் படகு வகை தெரிந்தால், அவர் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று ஊகிப்பதில் எவ்வளவு தவறு குறையும்? ஒன்றும் தெரியாமல் ஊகித்தால் எல்லோருக்கும் "இல்லை" என்றே சொல்வீர்கள், ஏனென்றால் அதுதான் பெரும்பான்மை. 72 முறை தவறும். இப்போது படகு வகையும் தெரியும். விசைப்படகிலும் "இல்லை" என்பவர்கள்தான் அதிகம், 44. ஃபைபர் படகிலும் அப்படியே, 84. ஆக மறுபடியும் எல்லோருக்கும் "இல்லை" என்றுதான் சொல்வீர்கள், மறுபடியும் 72 தவறு. தவறு குறையவே இல்லை, லாம்ப்டா 0. தொடர்பு இல்லை என்பதால் அல்ல, இரண்டு பக்கமும் பெரும்பான்மை ஒரே வகையாக இருப்பதால். நம் ஊரில் காப்பீடு, தலைக்கவசம், உயிர்காப்பு உடை போன்ற எதை எடுத்தாலும் ஒரு பதில் மேலோங்கி நிற்கும், லாம்ப்டா 0 வந்துகொண்டே இருக்கும். அந்த மாதிரி இடத்தில் லாம்ப்டாவை எழுதாமல் விடுவதில் தவறில்லை.

மருத்துவப் பக்கம் ஆய்வு செய்பவர்கள் ஆட்ஸ் ரேஷியோவைத்தான் கேட்பார்கள், உங்கள் வைவாவிலும் (வாய்மொழித் தேர்விலும்) கேட்கலாம். விசைப்படகுக்காரர்களில் எடுத்தவர்-எடுக்காதவர் விகிதம் 36க்கு 44. ஃபைபரில் 36க்கு 84. ஒன்றை மற்றதால் வகுத்தால் 1.91. இதைப் பார்த்து "விசைப்படகுக்காரர்கள் காப்பீடு எடுக்கும் வாய்ப்பு 1.9 மடங்கு" என்று எழுதிவிடாதீர்கள். 45ஐ 30ஆல் வகுத்தால் 1.5 மடங்குதான். நிகழ்வு அரிதாக இருக்கும்போது மட்டுமே இரண்டும் நெருங்கி வரும். 36 சதவீதம் அரிது அல்ல.

அப்படியானால் ஆட்ஸ் ரேஷியோ எதற்கு? ஜிப்மர் போன்ற ஒரு மருத்துவமனையில் நோய் வந்த 100 பேரையும், வராத 100 பேரையும் தேர்ந்தெடுத்து, பின்னோக்கி "புகையிலை போட்டீர்களா" என்று கேட்டால் என்ன ஆகும்? நோயாளிகள் பாதிப் பேர் என்பது ஊரின் நிலவரம் அல்ல, நீங்களே வைத்த எண். ஆகவே "புகையிலை போடுபவர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு நோய்" என்று அந்த அட்டவணையிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் ஆட்ஸ் ரேஷியோ கெடாது. ஒரு வரிசை முழுவதையும் எந்த எண்ணால் பெருக்கினாலும் அது மாறாது, நிரலைப் பெருக்கினாலும் மாறாது. ஃபைக்கு இந்தக் குணம் கிடையாது. அமெரிக்கப் புள்ளியியலர் ஜெரோம் கார்ன்ஃபீல்ட் 1951இல் இதை விளக்கிய பிறகுதான் அப்படிப்பட்ட ஆய்வுகளில் ஆட்ஸ் ரேஷியோ நிலைபெற்றது.

எதை எழுதினாலும் அதன் நம்பிக்கை இடைவெளியையும், அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வரம்பையும், எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் 15 புள்ளி வித்தியாசத்துக்கு 95 சதவீத இடைவெளி சுமார் 1.4 முதல் 28.6 புள்ளி வரை. ஆட்ஸ் ரேஷியோவுக்கு 1.06 முதல் 3.44 வரை. பார்த்தீர்களா, 200 பேரை வைத்துக்கொண்டு "அநேகமாக வித்தியாசம் உண்டு, ஆனால் சின்னதா பெரிதா என்று உறுதியில்லை" என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை. 0.03 என்ற ஒற்றை எண் இந்த நிச்சயமின்மையை மறைத்துவிடுகிறது.

உங்கள் கேள்வித்தாளில் வேறு பகுதிகளும் இருக்கும் என்பதால் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சேதம் "முழுமை, பகுதி, இல்லை" என்பது போல வரிசை உள்ள வகைகள் இரண்டு பக்கமும் இருந்தால் காமாவோ கெண்டாலின் டாவ்-பியோ (வரிசையைக் கணக்கில் கொள்ளும் கெழுக்கள்) போடுங்கள், கை-வர்க்கம் அந்த வரிசையைக் கண்டுகொள்ளாது. 2011 டிசம்பர் 30இல் கரையைக் கடந்த தானே புயலுக்கு முன்பும் பின்பும் அதே குடும்பம் காப்பீடு வைத்திருந்ததா என்று கேட்டிருந்தால், அங்கே சாதாரண கை-வர்க்கம் கூடாது, மெக்னீமர் சோதனை. ஒரே ஆளை இரண்டு முறை எண்ணுகிறோம் என்பதால். பல விடைகளை டிக் செய்யச் சொன்ன கேள்விக்கும் இதே எச்சரிக்கை. புதுச்சேரியில் ஒரு சந்தை ஆய்வுக்கு உதவப்போய், ஒரே கடைக்காரரின் மூன்று விடைகளை மூன்று ஆட்களாக எண்ணி நானே ஓர் அறிக்கை கொடுத்திருக்கிறேன். பிறகு கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்தோம், இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எதிர்பார்த்த எண் 5க்குக் கீழே உள்ள கட்டங்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் ஃபிஷரின் துல்லியச் சோதனைக்குப் போய்விடுங்கள். கட்டுமரம் வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர்தான் கிடைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், அங்கே இது நிச்சயம் தேவைப்படும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று பாக்கி. இரண்டு மாறிகளை மட்டும் வைத்துப் பார்க்கும் எந்தக் கெழுவும் மூன்றாவதை மறைத்துவிடும். நம் 200 பேரை, படகுக்கு வங்கிக் கடன் வாங்கியவர்கள், வாங்காதவர்கள் என்று பிரிப்போம்.

கடன் வாங்கியவர்கள்: விசைப்படகு 50 பேரில் 30 பேருக்குக் காப்பீடு, ஃபைபர் 30 பேரில் 18 பேருக்கு
கடன் வாங்காதவர்கள்: விசைப்படகு 30 பேரில் 6 பேருக்கு, ஃபைபர் 90 பேரில் 18 பேருக்கு

கூட்டிப் பாருங்கள், அதே பழைய அட்டவணை. இப்போது சதவீதம்: கடன் வாங்கியவர்களில் விசைப்படகிலும் 60, ஃபைபரிலும் 60. வாங்காதவர்களில் இரண்டிலும் 20. படகு வகைக்கும் காப்பீட்டுக்கும் இருந்த தொடர்பு முழுவதும் மறைந்துவிட்டது! கடன் கொடுக்கும் வங்கி காப்பீட்டைக் கேட்கிறது, விசைப்படகுக்குக் கடன் அதிகம், கதை அவ்வளவுதான். சில தரவுகளில் தொடர்பு மறைவதோடு நிற்காமல் திரும்பியே போய்விடும், சிம்ப்சன் முரண்பாடு என்பார்கள். 1973இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகச் சேர்க்கையில் மொத்தமாக ஆண்கள் 44 சதவீதமும் பெண்கள் 35 சதவீதமும் இடம் பெற்றார்கள். துறை துறையாகப் பிரித்தபோது பெண்களுக்கு எதிரான அந்தப் போக்கு காணாமல் போனது. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள்.

கவனம், இதனால் "படகு வகைக்குத் தொடர்பே இல்லை" என்று எழுதலாம் என்று பொருள் அல்ல. விசைப்படகு விலை அதிகம், அதனால் கடன், கடனால் காப்பீடு என்ற சங்கிலியில் கடன் ஒரு நடுக் கண்ணி. நடுக் கண்ணியை மாறாமல் நிறுத்திவைத்தால் தொடர்பு மறையத்தான் செய்யும். கடன் நடுக் கண்ணியா, வெளியிலிருந்து இரண்டையும் இழுக்கும் காரணமா என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது. முதுநகர் துறைமுகத்தில் நின்று பேசியவர் நீங்கள்தான், அது உங்களுக்குத்தான் தெரியும். பிரித்த பிறகும் தொடர்பு மிஞ்சினால், பிரிவுகளைச் சேர்த்து ஒரே ஆட்ஸ் ரேஷியோ எடுக்க மேன்டல்-ஹேன்செல் முறை இருக்கிறது, எஸ்பிஎஸ்எஸ்ஸின் கிராஸ்டேப்ஸ் (குறுக்கு அட்டவணை) பகுதியிலேயே அந்தத் தெரிவு உண்டு.

ஆய்வேட்டில் என்ன எழுதலாம்? இந்த எடுத்துக்காட்டுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "விசைப்படகு உரிமையாளர்களில் 45 சதவீதமும் ஃபைபர் படகு உரிமையாளர்களில் 30 சதவீதமும் காப்பீடு எடுத்துள்ளனர். வித்தியாசம் 15 புள்ளி, 95 சதவீத இடைவெளி 1.4 முதல் 28.6. கை-வர்க்கம் 4.69, பி மதிப்பு 0.03, ஃபை 0.15. வங்கிக் கடன் அடிப்படையில் பிரித்தபோது இவ்வேறுபாடு காணப்படவில்லை." "வலுவான" என்ற சொல் இதில் எங்கும் வேண்டாம். வழிகாட்டி கேட்டால் 10ஆல் பெருக்கிய அட்டவணையையும் பாதியாக்கிய அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், மறுக்க மாட்டார்.

அப்புறம், உங்கள் தரவில் கடன் இல்லாத ஃபைபர் படகுக்காரர்கள் எத்தனை பேர், அவர்களில் காப்பீடு இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று தனியாக எண்ணி வையுங்கள். என் கற்பனை அட்டவணையில் அந்தக் கட்டத்தில் 72 பேர் நிற்கிறார்கள், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். காப்பீடு பற்றி யாராவது போய்ப் பேச வேண்டிய வீடுகள் அவைதான்.